வீட்டிலேயே சோப்புக் குமிழ்: பிள்ளைகளோடு ஒரு மாலைப் பொழுது

பெருநாள் தொழுகை முடிந்து திடலை விட்டு வெளியே வந்தால், பலூன்காரருக்குப் பக்கத்தில் பபுள்ஸ் விற்பவர் நிற்பார். அவரைக் கண்டதும் நம் கையைப் பிடித்து இழுக்காத பிள்ளை கிடையாது. வாங்கிக் கொடுக்கிறோம். வீடு வந்து சேர்வதற்குள் பாதி கொட்டிவிடும். மீதியும் லுஹருக்கு முன் தீர்ந்துவிடும். அதன்பின் பிள்ளை இன்னொரு பாட்டில் கேட்கும். அது கிடைக்காவிட்டால் நம்முடைய கைபேசியைக் கேட்கும்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. காலியான பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளிக்கிற சோப்பைக் கரைத்து ஊற்றி, "இந்தா, ஊது" என்று கொடுத்தேன். வளையத்தில் தோல்போல ஏதோ படிந்தது. ஊதியதும் உடைந்தது. பத்து முறை ஊதியும் ஒரு குமிழ்கூடப் பறக்கவில்லை. ஏழு வயது மகள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வாப்பா, செய்யத் தெரியாதுன்னு சொல்லிடுங்களேன்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு இருவருமாக உட்கார்ந்து பலமுறை செய்து பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். செலவு மிகக் குறைவு. பொருட்களில் பெரும்பாலானவை அடுப்படியிலேயே இருக்கின்றன. ஆனால் எதை ஏன் சேர்க்கிறோம் என்று தெரிந்து செய்தால், பிள்ளைக்குக் குமிழோடு வேறு சிலவும் கிடைக்கும். அளந்து ஊற்றும் பழக்கம், காத்திருக்கும் பழக்கம், தவறினால் காரணம் தேடும் பழக்கம் ஆகியவை கடையில் வாங்கும் பாட்டிலில் வருவதில்லை.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வீட்டில் செய்த குமிழ் வராமல் போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். கடற்கரை ஊர்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் புழங்கும் வீடுகளிலும் வருவது உப்புத் தண்ணீர். அதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்பு இவற்றோடு சேர்ந்தால் நுரைக்காமல் வெள்ளைத் திரியாகத் திரிந்துவிடும். குளியலறை வாளியின் ஓரத்தில் படியும் வெள்ளைப் பிசுக்கு இதுதான்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று பிள்ளையே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீரும், மற்றொன்றில் வடிகட்டிய குடிநீர் அல்லது மழைநீரும் பாதியளவு ஊற்றுங்கள். இரண்டிலும் சீவிய சோப்புத் தூள் ஒரு சிட்டிகை போட்டு மூடி, இருபது முறை குலுக்குங்கள். எதில் நுரை உயர்ந்து நிற்கிறதோ அதுதான் குமிழுக்கு ஏற்ற தண்ணீர். மற்றதில் மேலே திரித்திரியாக மிதப்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும்.

குடிநீர், மழைநீர், ஏ.சி. யிலிருந்து சொட்டும் தண்ணீர் மூன்றும் நன்றாக வரும். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரும் ஓரளவு உதவும். ஆனால் கொதிக்க வைப்பதால் எல்லா உப்பும் நீங்காது. வடிகட்டும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரை மட்டும் எடுக்காதீர்கள். அதில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும்.

தேவையான பொருட்கள்

நல்ல தண்ணீர் – 3 டம்ளர் (600 மி.லி.)
பாத்திரம் கழுவும் லிக்விட் – அரை டம்ளர் (100 மி.லி.)
கிளிசரின் – 2 மேசைக்கரண்டி (30 மி.லி.)

கிளிசரின் மருந்துக் கடைகளில் சிறு பாட்டிலாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 2 மேசைக்கரண்டி சர்க்கரையை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சேர்க்கலாம். சர்க்கரை சேர்த்தால் கையும் தரையும் பிசுபிசுக்கும், எறும்பும் வரும். எனவே அதை வெளியில் வைத்து விளையாடுவது நல்லது.

துணி துவைக்கும் லிக்விட், தரை துடைக்கும் திரவம், கழிவறை சுத்தம் செய்யும் திரவம் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவை கண்ணுக்கும் தோலுக்கும் கேடு.

செய்முறை

1. அகலமான பாத்திரத்தில் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள். அளப்பது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

2. லிக்விட்டை ஓரமாக மெதுவாக ஊற்றி, கரண்டியால் நிதானமாகக் கலக்குங்கள். பிள்ளைகளுக்கு நுரை வரவர உற்சாகம் கூடும், வேகமாகக் கலக்குவார்கள். ஆனால் மேலே நுரை நின்றால் வளையத்தில் நல்ல தோல் பிடிக்காது. நுரை வந்துவிட்டால் கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

3. கிளிசரினைச் சேர்த்து மறுபடியும் மெதுவாகக் கலக்குங்கள்.

4. மூடி வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். நுரை அடங்கி, எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். அவசரமென்றால் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

மறுநாள் ஊதிப் பாருங்கள். தோல் பிடிக்காமல் அறுந்தால் லிக்விட் ஒரு கரண்டி சேர்க்கலாம். குமிழ் கனத்துக் கீழே தொங்கினால் தண்ணீர் சிறிது சேர்க்கலாம். கடைக்குக் கடை லிக்விட்டின் அடர்த்தி மாறும் என்பதால் இந்தத் திருத்தம் எல்லா வீட்டிலும் தேவைப்படும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு சேர்த்தோம் என்று பிள்ளையை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறைக்கு அதுதான் உங்கள் வீட்டுக் கணக்கு.

எது என்ன வேலை செய்கிறது?

தண்ணீரை மட்டும் ஊதினால் ஏன் குமிழ் வருவதில்லை? நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல்போலத் தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். இதைப் பரப்பு இழுவிசை என்கிறார்கள். வெறும் தண்ணீரில் இந்த இழுப்பு மிகவும் வலுவானது. மெல்லிய தோலாக அதை விரிய விடாது. சோப்பு சேர்ந்ததும் இழுப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

சோப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. குமிழின் தோல் உண்மையில் மூன்று அடுக்கு. வெளியே சோப்பு, நடுவில் தண்ணீர், உள்ளே மீண்டும் சோப்பு. தோல் ஓரிடத்தில் மெலிந்தால் அந்த இடத்தில் சோப்பு குறைகிறது, இழுவிசை கூடுகிறது. உடனே அக்கம்பக்கத்து நீரை அது தன் பக்கம் இழுத்து மெலிந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. கிழிசலைத் தானே தைத்துக்கொள்ளும் துணி என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் புரிந்துவிடும்.

கிளிசரினும் சர்க்கரையும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்பவை. நடு அடுக்கிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் குமிழ் சீக்கிரம் உடைகிறது. இவை அந்த ஆவியாதலைத் தாமதப்படுத்துகின்றன.

இதனால்தான் நேரமும் முக்கியமாகிறது. உச்சி வெயிலில் எவ்வளவு நல்ல கரைசலும் தோற்கும். ஃபஜ்ருக்குப் பிறகான காலை நேரமும், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட மாலை நேரமும் ஏற்றவை. காற்று பலமாக வீசும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். மழை விட்டு ஈரம் நிற்கும் மாலை கிடைத்தால் அதைவிட நல்ல நேரம் இல்லை.

ஊது வளையங்கள்

வளையம் எதில் வேண்டுமானாலும் செய்யலாம். கூரிய முனை இல்லாமல் இருக்க வேண்டும், கரைசல் ஒட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான்.

வளையல்: உம்மாவின் பழைய பிளாஸ்டிக் அல்லது உலோக வளையலை ஒரு குச்சியில் நூலால் கட்டிவிடுங்கள். வளையலைச் சுற்றிப் பருத்தி நூலைச் சுற்றினால் கரைசல் அதிகம் நிற்கும். கண்ணாடி வளையல் வேண்டாம்.

ஈர்க்கு: தென்னை ஈர்க்கை ஈரத்தில் ஊறவைத்து வளைத்து, நுனியைக் காம்போடு கட்டினால் சிறு வளையம் தயார்.

பூந்திக் கரண்டி: கரைசலில் தோய்த்துக் காற்றில் வீசினால் ஒரே வீச்சில் ஏராளமான சிறு குமிழ்கள் பறக்கும். ஊதத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் சுலபம். பழைய கரண்டியை எடுத்துக்கொண்டு, முடிந்ததும் நன்றாகக் கழுவி வையுங்கள்.

பப்பாளிக் குழல்: முந்தைய தலைமுறையினர் பப்பாளி இலைக் காம்பை வெட்டிக் குழலாக்கி ஊதியவர்கள். காம்பின் பால் தோலை அரிக்கும். ஆகவே பெரியவர்கள் வெட்டி, நன்றாகக் கழுவிய பிறகே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

இரு குச்சியும் நூலும்: பெரிய குமிழுக்கு இதுதான் வழி. இரண்டு முழ நீளமுள்ள இரு குச்சிகளை எடுத்து, அவற்றின் நுனிகளை ஒரு முழப் பருத்திக் கயிற்றால் இணையுங்கள். மூன்று முழமுள்ள இன்னொரு கயிற்றை அதே நுனிகளில் கட்டித் தொங்கவிடுங்கள். குச்சிகளைச் சேர்த்துக் கரைசலில் தோய்த்து எடுத்து, மெல்ல விரித்தபடி பின்னோக்கி நடந்தால் காற்றே ஊதிக் கொடுக்கும். நைலான் கயிறு நீரை உறிஞ்சாது, பருத்தியே வேண்டும்.

வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் காட்டாமணக்குப் பாலில் குமிழ் ஊதிய கதையைச் சொல்வார்கள். கிளையை ஒடித்து, வடியும் பாலில் ஈர்க்கு வளையத்தைத் தோய்த்து ஊதினால் வண்ணக் குமிழ் வரும். கதையாகக் கேட்க அழகானது. ஆனால் காட்டாமணக்கு நஞ்சுள்ள செடி. அதன் விதையைத் தின்றால் கடும் வாந்தியும் பேதியும் வரும், பாலும் கண்ணில் படக்கூடாது. கதையோடு நிறுத்திக்கொள்வோம்.

பெரிய குமிழுக்குக் கொத்தவரை

இரு குச்சியில் ஆளுயரக் குமிழ் வேண்டுமென்றால் கரைசலுக்கு இன்னொரு பொருள் தேவை. அது நமக்கு மிகவும் பழக்கமான கொத்தவரங்காயிலிருந்து வருகிறது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் மாவுக்குக் 'குவார் கம்' என்று பெயர். ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்க இதைச் சேர்ப்பார்கள். உலகத்தில் அதிகமாக விளைவிப்பது நம் நாடு, அதிலும் ராஜஸ்தான். கேக் செய்யும் பொருட்கள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

இதிலுள்ள நீண்ட இழைபோன்ற மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு தோலை அறுந்துபோகாமல் தாங்குகின்றன. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், நீளமும் குட்டையுமான இழைகள் கலந்திருக்கும்போது குமிழ்த் தோல் இன்னும் நன்றாக நீள்கிறது என்று கண்டார்கள்.

அளவு: 1 லிட்டர் தண்ணீர், 50 மி.லி. பாத்திரம் கழுவும் லிக்விட், 2 கிராம் குவார் கம், 2 கிராம் பேக்கிங் பவுடர். குவார் கம் மாவை நேரே தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாகிவிடும். முதலில் ஒரு மேசைக்கரண்டி கிளிசரினில் குழைத்துக்கொண்டு, பிறகு தண்ணீரில் சேர்த்துச் சில நிமிடங்கள் கலக்குங்கள். லிக்விட்டைக் கடைசியில் ஊற்றுங்கள்.

பிள்ளைகளிடம் கேட்க நான்கு கேள்விகள்

பதிலை நாமே சொல்லிவிடக் கூடாது. பிள்ளை ஊகித்துச் சொல்லட்டும், பிறகு செய்து பார்க்கட்டும்.

சதுர வளையத்தில் ஊதினால் சதுரக் குமிழ் வருமா? கம்பியைச் சதுரமாக வளைத்து ஊதிப் பாருங்கள். உருண்டைதான் வரும். உள்ளே அடைபட்ட காற்றை மிகக் குறைந்த பரப்பில் மூடுவதற்கு உருண்டையை விடச் சிக்கனமான வடிவம் கிடையாது. தோல் சுருங்கப் பார்ப்பதால் அந்த வடிவத்திற்கே வந்து சேர்கிறது.

குமிழுக்குள் விரலை விட முடியுமா? காய்ந்த விரல் பட்டதும் உடையும். விரலைக் கரைசலில் நனைத்துவிட்டு நுழைத்தால் உடையாது. ஈரக் கையில் குமிழை ஏந்தவும் முடியும்.

நிறம் எங்கிருந்து வருகிறது? கரைசலில் சாயம் ஏதும் இல்லை. தோலின் வெளிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் உள்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்று சேரும்போது சில நிறங்கள் கூடுகின்றன, சில மறைகின்றன. தோலின் தடிமன் மாற மாற நிறமும் மாறும். நியூட்டன் 1704 இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் சோப்புக் குமிழின் நிறங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தட்டில் ஒரு குமிழை நிறுத்தி உச்சியைக் கவனியுங்கள். நீர் கீழே வழிய வழிய உச்சி மெலிந்து, நிறம் போய்க் கருமையாகத் தெரியும். "இப்போது உடையும்" என்று பிள்ளை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பல குமிழ்கள் ஒட்டிக்கொண்டால் எப்படி நிற்கும்? ஈரத் தட்டில் மூன்று குமிழ்களை நெருக்கி ஊதுங்கள். எப்போதும் மூன்று சுவர்கள் மட்டுமே ஒரு கோட்டில் சந்திக்கும். ஒவ்வொரு கோணமும் 120 பாகை இருக்கும். இந்த விதிகளைக் கண்டறிந்து 1873 இல் நூலாக வெளியிட்டவர் பெல்ஜியம் நாட்டு அறிஞர் ஜோசப் பிளாட்டோ. நாற்பது வயதுக்குப் பிறகு அவர் பார்வையை முழுவதும் இழந்துவிட்டார். குடும்பத்தாரும் உடன் பணியாற்றியவர்களும் குமிழ்களைச் செய்து, பார்த்ததை அவருக்குச் சொன்னார்கள். அவர் கேட்டு, யோசித்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். அவர் கண்டது கணிதப்படி சரியே என்று 1976 இல் நிறுவப்பட்டது. இந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

பெற்றோர் கவனத்திற்கு

விளையாட்டு எளிது என்பதற்காக இந்தப் பகுதியைத் தாண்டிவிட வேண்டாம்.

• மிச்சமிருக்கும் கரைசலைக் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. வேறு டப்பாவில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, உயரத்தில் வையுங்கள்.

• ஸ்ட்ராவில் ஊதும்போது சிறு பிள்ளைகள் மறந்து உறிஞ்சிவிடுவார்கள். ஸ்ட்ராவின் மேல்பகுதியில் ஊசியால் இரண்டு மூன்று துளையிட்டுவிட்டால் உறிஞ்சினாலும் கரைசல் வாய்க்கு ஏறாது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஸ்ட்ரா வேண்டாம். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

• விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரை மூச்சுக்குழலில் போய்விடலாம். வாயைத் துடைத்து, சிறிது தண்ணீர் கொடுங்கள். இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• கண்ணில் பட்டால் கசக்க விடாமல், சுத்தமான ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அதன்பிறகும் சிவப்போ வலியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

• மொட்டை மாடி வேண்டாம். குமிழைத் துரத்தும் பிள்ளை மேலே பார்த்துக்கொண்டே ஓடும், பின்னோக்கி நடக்கும். கைப்பிடிச் சுவர் இருந்தாலும் இது ஆபத்து. தெருவோரமும் கிணற்றடியும் கூடாது. வீட்டு முற்றமோ மணல் தரையோ போதும்.

• டைல்ஸ் தரையில் கரைசல் சிந்தினால் வழுக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. முடிந்ததும் தரையைக் கழுவித் துடைத்துவிடுங்கள். அதில் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கட்டும்.

• கலங்கிப்போன, வாடை மாறிய கரைசலைக் கொட்டிவிடுங்கள். குளத்திலோ கிணற்றிலோ கொட்டாமல் சாக்கடையில் ஊற்றுங்கள்.

ஒரு மாலையை ஒதுக்குங்கள்

குமிழ் ஊதும் பிள்ளையைக் கவனித்திருப்பீர்கள். வேகமாக ஊதினால் உடைந்துவிடும். மெதுவாக, நீளமாக மூச்சை விட்டால்தான் குமிழ் பெரிதாகும். ஊசிக்குப் பயப்படும் குழந்தையை அமைதிப்படுத்தக் குமிழ் ஊதச் செய்யும் மருத்துவர்களும் செவிலியர்களும் உண்டு. பயமும் கோபமும் உள்ள பிள்ளையை "அழாதே" என்று அதட்டுவதைவிட, ஒரு வளையத்தைக் கையில் கொடுத்து "இதைப் பெரிதாக ஊது பார்ப்போம்" என்பது பலன் தரும்.

கடைக்குப் போய்க் களைத்து வரும் வாப்பாவுக்கும், அடுப்படியிலிருந்து விடுபடாத உம்மாவுக்கும் நேரம் கிடைப்பது அரிது என்பது தெரியாமல் இல்லை. கலக்குவதற்குப் பத்து நிமிடம், ஊதுவதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணி நேரம் நம் கைபேசியும் வேறு அறையில் இருக்க வேண்டும். பிள்ளையைக் கைபேசியிலிருந்து விலக்க நினைக்கும் நாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பயனில்லை.

எங்கள் வீட்டில் மூன்றாம் நாள்தான் குமிழ் வந்தது. வாசலில் நின்று ஊதினாள், அடுத்த வீட்டு மதில்வரை போயிற்று. சென்ற விடுமுறையில் அவளுடைய பெரியப்பா பிள்ளைகள் வந்திருந்தபோது, சோப்பும் பாட்டிலுமாக எல்லாரும் குழாயடிக்கு ஓடினார்கள். "அந்தத் தண்ணியில வராது, நில்லுங்க" என்று சொல்லி, குடிநீர்ப் பானையிலிருந்து மூன்று டம்ளர் அளந்து ஊற்றினாள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.